மீனுக்கும் ராத்திரி வேணும்

அண்ணே,

நடந்தது எல்லாவற்றையும் நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். நான் அழுத இடத்தில் அழுதேன் என்றே எழுதுவேன். அம்மா திட்டிய இடத்தில் அவள் வாயில் வந்ததையே எழுதுவேன். உனக்குத் தமிழ் வாசிக்க வராது. ஓடுகிற பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் மராத்தியை ஒரு பார்வையில் வாசித்துவிடுவாய். தமிழில் உன் பெயரை எழுதிக் காட்டினால் மட்டும், "இது என்னட்டி, ஜிலேபி பிழிஞ்சு வச்சிருக்க?" என்பாய். அதனால் இதை எழுதி முடித்ததும், உன் மீன்தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பேன். வேறு யாராவது வாசித்தாலும் புரிய வேண்டும் என்பதற்காக உனக்குத் தெரிந்த விஷயங்களையும் எழுதுகிறேன். "இதெல்லாம் எனக்குத் தெரியாதாட்டி" என்று நடுவில் கத்தாதே.

இன்று சாயங்காலம் தொட்டியின் நிலா விளக்கைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குப் பின்னால் ஒரு ஒயர் விட்டுப்போயிருந்தது. அதை ஈயம் வைத்து ஒட்டுவதற்காக உன் சால்டரிங் பேஸ்ட் டப்பாவைத் திறந்தேன். மஞ்சள் மெழுகு மாதிரி இருக்கும் அந்தப் பேஸ்ட்டில் உன் விரல் வழித்த தடம் இன்னும் அப்படியே இருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் தொடுவதில்லை, எதிர்ப்பக்கத்திலிருந்துதான் எடுக்கிறேன். சால்டரிங் அயர்னின் சூடான முனை பட்டதும் புகை எழுந்தது. சாம்பிராணியும் கருகிய பிளாஸ்டிக்கும் கலந்த அந்த வாசனை அறை முழுவதும் பரவியது. கீழே சந்தில், நம் அறைக்கு ஏறும் ஏணியடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தாள். நான் என்று தெரிந்ததும் மறுபடி துலக்க ஆரம்பித்தாள்.

நம் வீட்டில் அந்த வாசனை முதன்முதலாக வந்தது கறுப்பனால்தான்.

நீ மாட்டுங்காவில் காலேஜ் முடித்துவிட்டு, இம்ரானின் போர்டு பட்டறையில் கடைப் பெயர்களுக்கு விளக்கு எழுத்து செய்யும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் மீன் கடைக்குப் போய்விட்டு, பஸ்ஸில் பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டே தாராவி வரைக்கும் வந்தாய். பைக்குள் கறுப்பாக ஏதோ நெளிந்தது. அம்மா பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இது என்னல, மீனா, கிழிஞ்ச துணியா?"

"மீனுதாம்மா. பேரு பிளாக் கோஸ்ட். கறுப்புப் பேய்னு அர்த்தம்."

"பேயைக் காசு குடுத்தா வாங்கிட்டு வந்த? இந்த ஊர்ல அதுக்கா பஞ்சம்?"

பேய் என்ற பெயரை வீட்டுக்குள் சொல்லக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். அவளே கறுப்பன் என்று பெயர் வைத்தாள். ஏற்கெனவே இருந்த ஏஞ்சல் மீன்கள் இரண்டும் வெளிச்சத்தில் அலங்காரமாக நின்றன. கறுப்பனோ தொட்டிக்குள் விட்ட மறு நொடியே நீ போட்டு வைத்திருந்த பிளம்பிங் பைப் துண்டுக்குள் நுழைந்துகொண்டான். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்வரை வெளியே வர மாட்டான். விளக்கை அமர்த்தினால் வருவான், ஆனால் அப்போது நமக்குக் கண் தெரியாது. தோல் பட்டறையிலிருந்து வேலை முடிந்து வரும் அப்பா தினமும் தொட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு, "நீ வாங்கினது மீனா பைப்பால? பைப்பு நல்லா இருக்கு" என்பார்.

அந்தக் கேலிதான் உன்னை நிலா செய்ய வைத்தது. மங்கலான நீல வெளிச்சத்தை இரவில் வாழும் மீன்கள் நிலா என்று எடுத்துக்கொள்ளும், அப்போது அவை வெளியே வரும், நாமும் பார்க்கலாம் என்று எங்கேயோ பார்த்துவிட்டு வந்தாய். கடையில் வாங்குவது ரெடிமேட் நிலா, அதில் என்ன பெருமை என்று கேட்டாய். பட்டறையில் மிச்சம் கிடந்த நீல விளக்குப் பட்டையை எடுத்து வந்து தொட்டியின் மூடிக்கு அடியில் ஒட்டினாய். அறை விளக்கை அமர்த்திவிட்டு, "இப்பப் பாருங்க" என்று ஸ்விட்சைப் போட்டாய்.

சுவர், கூரைத் தகரம், அம்மாவின் மூக்குத்தி, அப்பாவின் பனியன் எல்லாமே நீலமாகிவிட்டன. ஏஞ்சல் மீன்கள் கண்ணாடியில் முட்டிக்கொண்டன. கறுப்பனின் வால் நுனி மட்டும் பைப்புக்கு வெளியே தெரிந்தது, அதையும் உள்ளே இழுத்துக்கொண்டான்.

அப்பா தன் பனியனைக் குனிந்து பார்த்தார். பிறகு, "இது நிலா இல்லல, ஒயின் ஷாப்பு. எவனாவது ஏணி ஏறி வந்து குவாட்டர் கேக்கப் போறான்" என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை. சந்தில் போன யாரோ மேலே பார்த்து, "க்யா பாய், நயா பார் கோலா க்யா?" என்று கத்தினார். புது பார் திறந்துவிட்டாயா என்று கேட்கிறார் என்று நான் மொழிபெயர்ப்பதற்குள் அம்மா சிரித்துச் சிரித்து ஏணிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நீயும் சிரித்தாய். ஆனால் உனக்குக் காது சிவந்துவிட்டது. காது சிவந்தால் நீ விட மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் ஒரு பழைய ஃபேன் ரெகுலேட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாய். பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை எண் போட்ட, பெரிய கறுப்புக் குமிழ் உள்ள அந்தக் காலத்துப் பெட்டி.

"நிலா தினமும் ஒரே மாதிரியாட்டி இருக்கு?" என்று என்னிடம் கேட்டாய். "நிலா செஞ்சா வளரணும், தேயணும். பூஜ்யம் அமாவாசை. அஞ்சு பௌர்ணமி. நடுவுல உள்ளது நடுவுல."

நன்றாகத்தான் இருந்தது யோசனை. ஆனால் இன்றைக்கு நிலா எவ்வளவு என்று எப்படித் தெரியும்? நம் சந்தில் வானம் ஒரு கோடு மாதிரிதான் தெரியும். மழைக்காலத்தில் தார்ப்பாய் கட்டிவிட்டால் அந்தக் கோடும் இல்லை. அப்போதுதான் நீ சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்தாய், அதன் பிறகு என்னைப் பார்த்தாய். வீட்டுப் பிள்ளைகளில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அன்றிலிருந்து அது என் வேலையாயிற்று.

"ஏட்டி, இன்னைக்கி நிலா எவ்வளவு?"

"வளர்பிறை. சஷ்டி."

"தமிழ்ல சொல்லுட்டி."

"இதுதான் தமிழ்!"

"நம்பர்ல சொல்லு. எனக்கு நம்பர்தான் தமிழ்."

"ரெண்டுல வை."

குமிழ் இன்னும் எந்த விளக்கோடும் இணைக்கப்படவில்லை. ஆனாலும் நீ தினமும் கேட்டு, வெறும் குமிழைத் திருப்பி வைப்பாய். பழக்கம் இப்போதே வரட்டும் என்பாய். பிறகு தொட்டியின் பெரிய விளக்கை அமர்த்துவாய். அம்மா அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாலும் சரி, நான் தொட்டி வெளிச்சத்தில் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தாலும் சரி, சாப்பாடு முடிந்ததும் அந்த விளக்கு போய்விடும். நான் கத்துவேன். நீ சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "மீனுக்கும் ராத்திரி வேணும்லா."

இனி எழுதுவது கஷ்டம். ஆனாலும் எழுதுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மழைக்காலத்துக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பி வந்தபோது உன்னை நான்கு பேர் ஏணி வழியாக மேலே ஏற்ற முடியாமல் நின்றார்கள். அம்மா பிடிவாதம் பிடித்தாள், அவன் வீட்டில்தான் படுப்பான் என்று. கயிறு கட்டி ஏற்றினார்கள். அறையில் ஒரே ஓர் இடம்தான் நீளமாகப் படுக்க வசதியானது, அது தொட்டிக்கு முன்னால். அங்கேதான் உன்னைக் கிடத்தினார்கள். அன்று தொட்டியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை அமர்த்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

உன்னைக் கொண்டுபோன பிறகு அந்த இடத்தில் அம்மா அகல் விளக்கு ஏற்றி வைத்தாள். ஊர் வழக்கப்படி பதினாறாம் நாள் விசேஷம் முடியும்வரை அது அணையக் கூடாது. அம்மா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். விசேஷம் முடிந்தது. சொந்தக்காரப் பெரியவர் ஒருவர் அகலைக் குளிர வைத்து எடுத்துக்கொடுத்தார். அம்மா தடுக்கவில்லை. ஆனால் அன்று இரவு அப்பா, உனக்குப் பதிலாக அந்தப் பதினாறு நாளும் செய்ததுபோல, தொட்டி விளக்கின் ஸ்விட்சில் கை வைத்தபோது, அம்மா எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதை அமத்தாதீங்க."

"மீனு தூங்கணும்லா."

"அவன் படுத்திருந்த எடம். எம்பிள்ளையை இருட்டுல விடச் சொல்லுதீங்களா?"

அப்பா கையை எடுத்துக்கொண்டார். அதன் பிறகு அந்த ஸ்விட்சை யாரும் தொடவில்லை.

பகலும் எரிந்தது, இரவும் எரிந்தது. அம்மாவும் தூங்கவில்லை. சுவரில் சாய்ந்து தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. கண்ணாடியில் பச்சைப் பாசி ஏறியது. நான் பழைய பல் பிரஷ்ஷால் தேய்ப்பேன், மறுபடியும் ஏறும். ஏஞ்சல் மீன்களின் கோடுகள் வெளுத்து, அவை அடியில் ஒரு மூலையிலேயே நின்றன. கறுப்பனைப் பற்றிக் கேட்காதே. நான் தீனியாகப் போட்ட புழுக்கள் பைப் வாசலில் அப்படியே கிடந்து நீரைக் கெடுத்தன. ஒருநாள் டார்ச்சை வைத்துப் பைப்புக்குள் பார்த்தேன். இருந்தான். வயிறு உள்ளே ஒட்டி, விலா எலும்பு தெரிந்தது. பைப்பை ஆட்டினேன். அசைந்தான், ஆனால் வெளியே வரவில்லை.

அங்கேதான் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்த பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். அம்மாவோடு சண்டை போட மாட்டேன். அவளுக்குத் தெரியாமல் விளக்கை அமர்த்தவும் மாட்டேன். கறுப்பனைச் சாகவும் விட மாட்டேன். நீ ஆரம்பித்த நிலாவை நான் முடிப்பேன்.

நீ சாமான் போட்டு வைத்த செருப்புப் பெட்டியைப் பரணிலிருந்து எடுத்தேன். ரெகுலேட்டர் திறந்து கிடந்தது. உள்ளே இருந்த பெரிய கம்பிச் சுருளை நீ கழற்றியிருந்தாய். மின்சாரத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர்களில் பாதியை ஒட்டியிருந்தாய், பாதி பாலிதீன் பையில் இருந்தன. பிசிக்ஸ் புத்தகத்தில் ரெசிஸ்டர் என்றால் வளைந்து வளைந்து போகும் ஒரு கோடு. உன் பெட்டியில் அது பட்டை பட்டையாகச் சாயம் பூசிய அரிசி மணி மாதிரி இருந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று என் மூளை ஒப்புக்கொள்ளவே ஒருநாள் ஆயிற்று. நீல விளக்குகள் மூன்று தனியாக இருந்தன. அவற்றின் தலையை நீ உப்புத்தாளில் தேய்த்து மழுங்க வைத்திருந்தாய். வெளிச்சம் ஊசி மாதிரிக் குத்தாமல் பரவ வேண்டும் என்பதற்காக. ஒயின் ஷாப்பை நீ மறக்கவில்லை என்று தெரிந்தது.

புத்தகங்கள் எனக்கு ஓரளவுக்குத்தான் உதவின. பள்ளிக்கூடம் விட்டதும் இம்ரானின் பட்டறைக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். உன்னைப் பற்றி ஏதாவது பேசினால் நான் ஓடிவிடுவேனோ என்று பயந்தது போல, "போல் சோட்டி, க்யா சாஹியே?" என்று மட்டும் கேட்டார். என்ன வேண்டும் சொல், சின்னவளே என்று. பெட்டியைக் காட்டினேன். அவர் தானே செய்து தருவதாகச் சொன்னார். வேண்டாம், நானே செய்கிறேன், உட்கார ஓர் இடமும் ஒரு சால்டரிங் அயர்னும் போதும் என்றேன். உன் ஸ்டூலைக் காட்டினார்.

முதல் நாள் விரலைச் சுட்டுக்கொண்டேன். இரண்டாம் நாளும் அதே விரலைச் சுட்டுக்கொண்டேன். "ஒரே விரல்தான் இருக்குதா உனக்கு?" என்று இம்ரான் தன் பட்டறைத் தமிழில் கேட்டார். ரெசிஸ்டர்களைச் சங்கிலி மாதிரிக் கோக்க வேண்டும். குமிழ் ஒன்றில் இருந்தால் மின்சாரம் சங்கிலி முழுவதையும் தாண்டி வரும், வெளிச்சம் மங்கலாக இருக்கும். ஐந்தில் இருந்தால் எதையும் தாண்ட வேண்டாம், முழு வெளிச்சம். கோத்து முடித்து, பெருமையாக அடாப்டரைச் சொருகி, குமிழை ஒன்றில் வைத்தேன். பளீரென்று எரிந்தது. ஐந்துக்குத் திருப்பினேன். மின்மினி மாதிரி ஆகிவிட்டது.

இம்ரான் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "அரே சோட்டி, தேரா சாந்த் உல்டா ஹை!"

நிலா தலைகீழ். சங்கிலியை வால் பக்கத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். நீ ஒட்டிய பாதி சரியாகத்தான் இருந்தது, நான் என் பாதியை எதிர்ப்பக்கமாகக் கோத்து, உன்னுடையதையும் கெடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதாயிற்று. நீ ஒட்டிய ஈயப் பொட்டுகளை உருக்கி எடுக்க மனம் வரவில்லை. ஆனால் உருக்கினேன். நிலா சரியாக இருக்க வேண்டும் என்பதுதான் உனக்கும் வேண்டியது. மறுபடி கோத்தேன்.

பிறகு விளக்குகளை ஒயர் போகும் பிளாஸ்டிக் பட்டிக்குள் வைத்து, ஈரம் புகாமல் சிலிக்கோன் பசை பூச வேண்டும். ஹார்ட்வேர் கடைக்காரர் ஒரு ட்யூபை எடுத்து நீட்டினார். நான் எதை வாங்கினாலும் அட்டையை வாசிப்பேன் என்று நீ கேலி செய்வாயே, அன்றும் வாசித்தேன். குளியலறைக்கானது, பூஞ்சை பிடிக்காமல் மருந்து கலந்தது என்று பொடி எழுத்தில் இருந்தது. பூஞ்சையைக் கொல்லும் மருந்து மீனை மட்டும் கொஞ்சுமா? வேண்டாம் என்றேன். "அரே, சப் சேம் ஹை" என்றார், எல்லாம் ஒன்றுதானாம். சேம் இல்லை என்று நின்றேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். உள்ளே போய்த் தேடி, மருந்து கலக்காத, மீன்தொட்டிக்கான ட்யூபைக் கொண்டுவந்து கொடுத்தார். புளிக்காடி மாதிரி நாற்றம் அடித்தது. நாற்றம் போகும்வரை பட்டறையிலேயே காய விட்டேன்.

வீட்டில் மாட்டிய அன்று பௌர்ணமி. காலண்டரில் பார்த்துத்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன். பட்டியை மூடிக்கு அடியில் ஒட்டினேன். ஒயரைப் பிளக்குக்குக் கொண்டுபோகும்போது, உன் வழக்கப்படி ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே ஒரு வளைவு தொங்க விட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அப்படித் தொங்குவது அசிங்கமாக இருக்கிறது என்று அம்மா தொட்டிப் பம்ப்பின் ஒயரை என் ரிப்பனால் அழகாகத் தூக்கிக் கட்டிவிட்டாள். நீ பதறிப்போய் அவிழ்த்தாய். "ஒயரு தொங்கணும்மா. தண்ணி வழிஞ்சு வந்தா அந்த வளைவுலயே சொட்டிரும். இல்லன்னா நேரா கரண்டுக்குள்ள போயிரும்." இந்தத் தடவை அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வளைவைப் பார்த்தாள். ரிப்பனைத் தேடவில்லை.

குமிழை ஐந்துக்குத் திருப்பினேன்.

"எரியுதா?" என்றாள் அம்மா. "ஒண்ணும் தெரியலியே."

"எரியுதும்மா. பெரிய லைட்டு எரியும்போது தெரியாது."

அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் இறுகியது. "இதுக்குத்தான் இத்தனை நாளு பட்டறையில போய்க் கெடந்தியா? எனக்குத் தெரியும்ட்டி. எல்லாரும் சேந்து அந்த லைட்டை அமத்தப் பாக்கீங்க. ரெண்டும் எரியட்டும், எனக்கென்ன."

நான் புழு டப்பாவை எடுத்துவந்து அவளிடம் கொடுத்தேன். "நீங்களே போடுங்கம்மா."

போட்டாள். புழுக்கள் இறங்கி பைப் வாசலில் கிடந்தன. நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒன்றும் வரவில்லை.

"கறுப்பன் எங்க?" என்றாள்.

"உள்ளதான் இருக்கான். லைட்டு அமராம வர மாட்டான். அகலைக் குளிர வச்ச நாள்ல இருந்து சரியாத் திங்கல."

டார்ச்சைக் கொடுத்தேன். அம்மா குனிந்து பைப்புக்குள் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். நிமிர்ந்ததும் டார்ச்சை அமர்த்தாமலே என் கையில் வைத்தாள்.

"இருட்டுல எப்படிட்டி விடுவேன்?"

"இருட்டுல விடலம்மா," என்றேன். "அண்ணன் செஞ்ச வெளிச்சத்துல விடுதோம்."

இந்த வார்த்தையை நான் முன்கூட்டி யோசித்து வைத்திருக்கவில்லை. உண்மையாக எழுதுவதாகச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன்: சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது.

ஏணியடியில் அப்பா செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. மேலே ஏறி வந்தவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே கடைசிப் படியில் நின்றார். அம்மா ஸ்விட்சில் கை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். "கொஞ்ச நேரந்தான்" என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு அமர்த்தினாள்.

அண்ணே, அது ஒயின் ஷாப் இல்லை. முதலில் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. பிறகு மெல்ல மெல்ல, தண்ணீரின் மேல்பரப்பு தெரிந்தது. பம்ப் கிளப்பிய சிற்றலைகள் அடியில் இருந்த மணலில் நெளிந்தன. செடியின் நிழல் விழுந்தது. ஏஞ்சல் மீன்கள் துடுப்பைத் தளர்த்தி ஒரு செடிக்கு அருகில் போய் நின்றன. நம் சந்தில் ஒருநாளும் இறங்காத நிலா நம் தொட்டிக்குள் இறங்கியிருந்தது.

பைப் வாசலில் ஒரு மூக்கு தெரிந்தது.

அப்பா படியில் நின்றபடியே எட்டிப் பார்த்தார். மூக்கு உள்ளே போனது. மறுபடி வந்தது. பிறகு கறுப்பன் முழுதாக வெளியே வந்தான். வயிற்றுக்கு அடியில் உள்ள நீளத் துடுப்பு, காற்றில் புடவைக் கரை ஆடுவது போல அலையலையாக ஆடியது. வாலில் இருந்த இரண்டு வெள்ளை வளையங்கள் நீலமாக மின்னின. முன்னால் போனான், திரும்பாமலே பின்னால் வந்தான். ஒரு புழுவை எடுத்தான்.

அம்மா கண்ணாடியில் விரலை வைத்தாள். "ஏல," என்றாள். "இப்பிடி எளைச்சிட்டியேல."

அவள் யாரிடம் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அப்பா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "பைப்பு மட்டும்தான் வாங்கினான்னு நெனச்சேன். மீனும் இருக்கு" என்றார்.

கொஞ்ச நேரம் என்று சொன்ன அம்மா அந்த விளக்கை மறுபடி போடவில்லை. சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள். நாங்கள் அவளைப் படுக்க வைத்தபோதும் விழிக்கவில்லை.

மறுநாளிலிருந்து அவளே கேட்க ஆரம்பித்தாள், "இன்னைக்கி எத்தனைல வைக்கணும்?" நிலா தேயத் தேயக் குமிழ் நான்குக்கு வந்தது, மூன்றுக்கு வந்தது. பெரிய விளக்கு இப்போது பகலில் மட்டும் எரிகிறது. பாசி குறைந்துவிட்டது. கறுப்பனின் வயிறு கொஞ்சம் மேடேறியிருக்கிறது. குமிழ் இரண்டுக்கு வந்தபோது எனக்குப் பயம் வந்தது. ஒன்றுக்கு வந்தபோது பயம் அதிகமாயிற்று. ஒன்றுக்கு அடுத்தது பூஜ்யம். முழு இருட்டு. அதற்கு அம்மா என்ன சொல்வாள்? ஒன்றிலேயே நிறுத்திவிடலாமா, அவளுக்கு வித்தியாசமா தெரியப் போகிறது என்றுகூட நினைத்தேன். ஆனால் நீ பூஜ்யத்தையும் சேர்த்துத்தானே செய்தாய்.

இன்று அமாவாசை.

காலையில் அம்மா உருளைக்கிழங்குப் பொரியல் செய்தாள், கருக மொறுமொறுவென்று, உனக்குப் பிடித்த மாதிரி. தகரக் கூரையில் காக்காய்க்கு இலை போட்டுச் சோறு வைத்தாள். காக்காய் பொரியலை மட்டும் எடுத்துக்கொண்டு சோற்றை விட்டுவிட்டுப் போயிற்று. "அவனேதான்" என்றாள் அம்மா. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் சிரித்ததை இன்று பார்த்தேன்.

சாயங்காலம்தான் அந்த ஒயர் விட்டுப்போயிருப்பதைப் பார்த்தேன். நான் அயர்னைச் சூடாக்கியபோது அப்பா கேட்டார், "இன்னைக்கித்தான் நிலாவே கெடையாதே. இப்ப எதுக்குட்டி ஒட்டுத?"

"நாளைக்கழிச்சிப் பிறை வந்திரும்பா. அப்ப எரியணும்லா."

ஒட்டி முடித்துக் குமிழைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. எல்லாம் எரிந்தது. மறுபடி ஒன்றில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். கட்டைவிரலுக்குப் பக்கத்து விரலில் சுட்ட தழும்பு இரண்டும் ஒன்றாகி ஒரு பயறு அளவுக்கு இருக்கிறது. பேனா பிடிக்கும்போது அது பேனாவில் படுகிறது. எங்கே ஒயரைப் பார்த்தாலும் அது தொங்குகிறதா என்று பார்க்கிறேன். பள்ளிக்கூடத்தில் வாட்டர் கூலரின் ஒயர் தொங்கவில்லை என்று டீச்சரிடம் சொன்னேன், நாளைக்கும் சொல்லுவேன், சரி செய்யும்வரை சொல்லுவேன். காலண்டரில் நல்ல நேரம் பார்க்கும் வீட்டில் நான் நிலா பார்க்கிறேன். நீ விட்டுப்போனது எனக்கு இப்படித்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

இதுவரை எழுதியபோது அம்மா பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு மேலே வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். காலண்டரைப் பார்த்தாள். குமிழைப் பார்த்தாள், அது ஒன்றில் இருந்தது. என்னைப் பார்த்தாள். நான் நோட்டில் குனிந்துகொண்டேன்.

"மீனுக்கும் ராத்திரி வேணும்லா," என்றாள் அம்மா. உன் குரலில், உன் அலட்சியத்தோடு.

குமிழ் பூஜ்யத்தில் விழும் சத்தம் 'டக்' என்று கேட்டது. தொட்டி கறுப்பாகிவிட்டது. அதற்குள் கறுப்பன் எங்கேயோ நிம்மதியாகத் திரிந்துகொண்டிருப்பான். நாம் பார்க்க வேண்டியதில்லை.

"எழுதினது போதும்ட்டி. அந்த லைட்டையும் அமத்து," என்று சொல்லிவிட்டு, நீ படுத்திருந்த இடத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். நாளைக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறேன். இந்தக் கடைசி வரியைச் சந்து விளக்கிலிருந்து கதவிடுக்கில் வரும் வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும்.

நம் வீட்டின் விளக்குகள் எல்லாம் அணைக்கப்பட்டன.